அரக்குப் பட்டும் இடுப்பில் விழுந்த கறையும்: ஒரு பந்து மூட்டுப் பொம்மைக்கு உடையும் விக்கும் செய்த நிகழ்வு ஆய்வு

2024 ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிந்த ஒரு வேலையின் பதிவு இது. பந்து மூட்டுப் பொம்மை ஒன்றுக்குப் பாவாடை, தாவணி, ரவிக்கை, பின்னலோடு ஒரு விக் என எல்லாவற்றையும் நான் செய்து கொடுத்தேன். விக் நான் நினைத்ததைவிட நன்றாக வந்தது. உடையில் நான் எடுத்த ஒரு சின்ன முடிவு பொம்மையின் உடம்பில் அழியாத கறையை விட்டுப்போனது. பொம்மையின் சொந்தக்காரர் சம்மதித்ததால் எழுதுகிறேன். திருச்சியில் வேலை பார்க்கும் இளம்பெண் என்பதைத் தவிர அவரைப் பற்றி இங்கே வேறு எதுவும் வேண்டியதில்லை.

பின்னணி

இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இந்தப் பொம்மையை பிஜேடி (பால் ஜாயின்டட் டால் என்பதன் சுருக்கம்) என்பார்கள். உடம்பு பாலியூரித்தேன் ரெசினில் வார்த்தது. கை, கால், இடுப்பு, கழுத்து எல்லாம் தனித்தனித் துண்டுகள்; உள்ளே வெற்றிடம். எலாஸ்டிக் கயிற்றை உள்ளே ஓட்டி, எஸ் வடிவக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார்கள். பந்தும் கிண்ணமுமாக மூட்டுகள் பொருந்துவதால், உட்கார வைத்தால் உட்காரும், தலை சாய்த்தால் சாய்ந்தபடியே நிற்கும். பந்து மூட்டு உத்தியை 1930களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெல்மர் தன் கலைப்படைப்புகளில் கையாண்டார். இன்று நாம் சேகரிக்கும் ரெசின் பொம்மை வீடுகளுக்குள் வந்தது ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் 1999இல் சூப்பர் டால்ஃபி வரிசையை வெளியிட்ட பிறகுதான். அப்புறம் கொரியாவிலும் சீனாவிலும் நிறைய பட்டறைகள் வந்துவிட்டன.

பொம்மை வரும்போது மொட்டைத் தலையோடுதான் வரும். கண், விக், உடை எல்லாம் தனி. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தைக்கத் தெரிந்தவர்களை இந்தப் பொம்மை இழுத்துப் பிடித்துக்கொள்வதே அதனால்தான்.

விலை பல பத்தாயிரம் ரூபாய். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. எனவே கறை பட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தப் பெண் முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வாங்கிய கொரியப் பொம்மை அது. அளந்து பார்த்தேன்: உயரம் 58 செ.மீ., தலைச் சுற்றளவு 22, மார்பு 25, இடுப்பு 20. மூன்றில் ஒன்று அளவு என்று சொல்லும் ரகம்.

கேட்டது என்ன

ஜனவரி கடைசியில் ஒரு பையோடு வந்தார். பைக்குள் மூன்று பொருள்கள் இருந்தன. அவருடைய பாட்டி பதினாறு வயதில் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. அதில் பாட்டி பாவாடை தாவணியில், இடுப்பைத் தாண்டும் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்னல் நுனியில் குஞ்சலத்தோடு நிற்கிறார். அடுத்தது, பாட்டியின் பட்டுப்புடவையில் கிழியாமல் தப்பிய ஒரு பகுதி. நிறம் நல்ல அரக்கு. மூன்றாவது, பாட்டியின் சவுரி, அதாவது பின்னலை நீளமாக்க அதோடு சேர்த்துப் பின்னும் முடிக்கற்றை.

பாட்டி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொம்மை அந்தப் படத்தில் இருப்பதுபோல் நிற்க வேண்டும், அந்தப் பட்டிலேயே பாவாடை வேண்டும், அந்தச் சவுரியிலேயே முடி வேண்டும் என்றார். "முடி பாட்டியோடதாவே இருக்கட்டும்கா" என்று இரண்டு முறை சொன்னார்.

ரெசின் கறை பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அரக்கு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறத் துணிகளைக் கண்டாலே பொம்மை வைத்திருப்பவர்கள் பயப்படுவார்கள். அன்றைக்கு எங்கள் பயம் முழுவதும் பழைய பட்டின்மேல்தான் இருந்தது.

சவுரியில் முயன்றதும் விட்டதும்

முதலில் விக்கை எடுத்தேன். சவுரியில் ஒரு விரல் கனத்துக்கு மட்டும் பிரித்து, ஒரு நுனியைப் பசையால் சேர்த்து ஒரு வரிசை செய்து, பொம்மைத் தலையின் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். முடி விழவில்லை. பனை நார்போல விறைத்துக்கொண்டு நின்றது. மூன்று புரியாகப் பின்னினால் பின்னல் பொம்மையின் மணிக்கட்டுக் கனத்துக்கு வந்தது. ஒவ்வொரு முடியும் தனியாகத் தெரிந்தது.

காரணம் அளவுதான். நம் ஊர் தலைமுடியின் தடிமன் சுமார் 70 முதல் 100 மைக்ரான். பொம்மையோ மூன்றில் ஒரு பங்கு. அதன் தலையில் நம் முடியை வைத்தால், நம் தலையில் மூன்று மடங்கு தடித்த கம்பியை வைத்ததுபோல. அங்கோரா ஆட்டின் ரோமமான மொஹேர் சுமார் 25 முதல் 40 மைக்ரான். மூன்றால் வகுத்துப் பாருங்கள், கணக்கு அப்படியே பொருந்துகிறது. பொம்மை விக் செய்பவர்கள் மொஹேரை விரும்புவது பளபளப்புக்காக மட்டுமில்லை; அந்த இழைதான் அந்தத் தலைக்கு முடியின் அளவில் இருக்கிறது. (முயல் ரோமமான அங்கோரா வேறு. வாங்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதை அவரிடம் சொல்வது சுலபமாக இல்லை. செய்த வரிசையைப் பொம்மைத் தலையில் வைத்தே காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "சரிக்கா, பாட்டி முடியை வேற எங்கயாவது வைக்க முடியுமா?" என்று கேட்டார். குஞ்சலத்துக்குள் வைப்போம் என்று அப்போதே முடிவாயிற்று. பிரித்த சவுரியை மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டேன்; சுமார் ஐம்பது முடி மட்டும் எடுத்துக்கொண்டேன்.

விக் செய்த விதம்

தலையைக் கழற்றி, சமையலறையில் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டேன். அதன்மேல் வெள்ளை பனியன் துணியை இழுத்துப் பிடித்து, காய்ந்தாலும் வளையும் துணிப் பசையை மூன்று பூச்சு பூசினேன். மரவேலைக்கான வெள்ளைப் பசை வேண்டாம்; அது காய்ந்ததும் விறைத்துவிடும், தொப்பியைக் கழற்றும்போது வெடிக்கும். மறுநாள் கழற்றி, நெற்றி, காது, பிடரி விளிம்புகளைக் கத்தரித்தேன். விக்கின் அடித்தொப்பி தயார்.

மொஹேர் 30 கிராம் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். சாயம் ஏற்றிய அடர்பழுப்பு. சுத்தக் கறுப்பு வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். படமெடுத்தால் கறுப்பு விக் இழையே தெரியாமல் கட்டியாக விழும். மொஹேரும் சாயத் துணி போலத்தான், அதுவும் ரெசினில் ஏறலாம். எனவே வெதுவெதுப்பான தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை அலசினேன். தேய்க்கவோ கசக்கவோ கூடாது, நமுத்துக் கட்டியாகிவிடும். அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும்.

காய்ந்த ரோமத்தைச் சீவி, ஃபைல் உறையின்மேல் மெல்லிசாகப் பரப்பி, ஒரு நுனியில் மட்டும் பசைக் கோடு இழுத்துக் காயவிட்டால் ஒரு வரிசை. மொத்தம் முப்பத்தைந்து வரிசைக்கு மேல் ஆயிற்று. பிடரியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுச் சுற்றாக ஒட்டிக்கொண்டு வந்தேன். கடைசி வேலை நடு வகிடு. பாட்டியின் படத்தில் வகிடு கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. அங்கே முடியை வெளிப்பக்கமாக ஒட்டினால் பசைக்கோடு அப்படியே தெரியும். ஆகவே வகிட்டின் இரு பக்கமும் முடி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வரிசையைக் கவிழ்த்து ஒட்டி, காய்ந்ததும் தன் பக்கத்துக்கு மடித்துப் போட்டேன். பசைக்கோடு மடிப்புக்குள் போய்விட்டது. இந்த இரண்டு வரிசைக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. அன்றைக்கு எனக்கு அதைவிட முக்கியமான வேலை எதுவும் இல்லை.

பின்னலில்தான் எதிர்பாராத ஒன்று. அங்கோரா ஆட்டுக்குப் பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை ரோமம் கத்தரிப்பார்கள். எனவே கைக்கு வரும் இழையின் நீளம் பெரும்பாலும் 12 முதல் 15 செ.மீ. எனக்கு வேண்டியது 24. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் அந்தச் சவுரி கண்ணில் பட்டது. பாட்டி என்ன செய்தாரோ அதையேதான் செய்ய வேண்டும். மொஹேரில் ஒரு குட்டிச் சவுரி கட்டி, பாதிப் பின்னலில் மூன்று புரிக்குள்ளும் சேர்த்துப் பின்னினேன். சேர்த்த இடம் தெரியவில்லை. நுனியில் மூன்று சிறு உருண்டைகள், அவற்றின் கீழே பட்டு நூல். அந்தப் பட்டு நூலுக்குள் பாட்டியின் முடி. விறைப்பான முடி அங்கே நல்லதாகப் போயிற்று, குஞ்சலம் நேராகத் தொங்கியது.

பட்டை வெட்டும் முன்

பழைய பட்டில் முதலில் பார்க்க வேண்டியது மடிப்புகளை. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த இடத்தை இரண்டு விரலால் லேசாக இழுத்தால் சில இடங்களில் சரக்கென்று விட்டது. அந்த இடங்களைத் தவிர்த்துத்தான் பாவாடைக்குத் துணி எடுக்க முடிந்தது.

கரை சுமார் 10 செ.மீ. அகலம். பொம்மையின் பாவாடை நீளமே 35. அந்தக் கரையை அப்படியே வைத்தால், நம் உயரத்தில் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான ஜரிகைக் கரை கட்டியதுபோல் இருக்கும். படத்தில் உள்ளது மெல்லிய கரை. கரையின் மேல் விளிம்பில் ஓடிய ஒரு ஜரிகைக் கோட்டை மட்டும் இரண்டரை செ.மீ. அகலத்தில் எடுத்தேன். மீதிக் கரையை வெட்டாமல் திருப்பிக் கொடுத்தேன். காஞ்சிபுரம் ஜரிகைக்குள் இருப்பது சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் வெள்ளிக் கம்பி, அதன்மேல் தங்க முலாம். வெட்டிய முனை உடனே பிரியும் என்பதால் வெட்டுவதற்கு முன்பே கோட்டின் இரு பக்கமும் பொடித்தையல் ஓட்டினேன்.

அடுத்தது சாயச் சோதனை. பட்டுத் துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் தண்ணீர் செம்பருத்தித் தண்ணீராயிற்று. ஜரிகை இல்லாத உடல் பகுதியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஐந்து முறை அலசினேன். உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை உப்பு கட்டிப்போடாது. ஐந்தாவது அலசலில் வெள்ளைக் கைக்குட்டையில் ஒற்றினால் சின்ன ரோஸ் தடம் மட்டும் இருந்தது. இருந்தாலும் நம்பவில்லை. ரவிக்கைக்கும் பாவாடைக்கும் உள்ளே வெள்ளை டூ பை டூ ரூபியா (ரவிக்கைக்கு எடுக்கும் மெல்லிய காட்டன் துணி) கொடுத்து, பட்டு ரெசினைத் தொடவே கூடாது என்று தீர்மானித்தேன்.

ரவிக்கை முன்பக்கம் திறக்கும்படி வைத்தேன். இந்தப் பொம்மைகளுக்குப் பலர் முதுகில் ஒட்டுப்பட்டை (வெல்க்ரோ) வைப்பார்கள். அதன் முள் பக்கம் மொஹேரையும் பட்டையும் பிய்த்துவிடும். மிகச் சின்ன பிரஸ் பட்டன் நான்கு, அவற்றுக்கு அடியில் துணிப் பட்டி. தையலுக்கு விட்டது 4 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் விட்டால் அக்குளில் துணி மூட்டைபோல் சேரும். முழங்கைப் பந்து மடங்கும்போது துணி மூட்டுக்குள் மாட்டாமல் இருக்கக் கையைப் பந்துக்கு ஒரு செ.மீ. மேலேயே நிறுத்தினேன். தாவணி சந்தன நிறத்தில், வாயில் என்னும் மெல்லிய காட்டன் துணி. அதில் எந்தச் சிக்கலும் இல்லை.

அந்த ரிப்பன்

இப்போது என் தவறு. பாவாடைக்கு நாடா கோத்தால் பொம்மையின் இடுப்பில் சுருக்கம் மேடாக நின்றது. ஒரு துண்டைக் கட்டி வைத்ததுபோல் இருந்தது. இடுப்புப் பட்டி மெல்லிசாக வேண்டும். பட்டிலேயே பட்டி வைக்க நல்ல துணி மீதமில்லை. வெள்ளை ரூபியாவில் வைத்துப் பார்த்தேன். தாவணி விலகும் இடத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தது, கண்ணை உறுத்தியது. ஃபேன்சி கடையில் அதே அரக்கில் சாட்டின் ரிப்பன் கிடைத்தது, பாலியெஸ்டர். 12 மில்லிமீட்டர் அகலம், மெல்லியது, பளபளப்பும் பட்டோடு ஒத்துப்போனது.

சோதிக்காமல் வைக்கவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டேன், தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. பட்டு இவ்வளவு சாயம் விட்டதைப் பார்த்துவிட்டு இந்த ரிப்பனைப் பார்த்ததும் நிம்மதியாகவே இருந்தது. ரிப்பனை உள்பக்கமாகச் சுற்றி, இடது இடுப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி பிரஸ் பட்டன் வைத்தேன். நழுவக் கூடாது என்று கொஞ்சம் இறுக்கமாகவே.

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று கொடுத்தேன். "சாயம் போகாது, தைரியமா போட்டு வை" என்று என் வாயாலேயே சொன்னேன்.

மே மாதம்: கண்டது

அந்த வருடம் திருச்சியில் மே தொடக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. பொம்மை இருந்தது கண்ணாடி அலமாரியில், மேற்குச் சுவரை ஒட்டி. நேரடி வெயில் படாது. அதில் அவர் கவனமாக இருந்தார், ஏனென்றால் வெயில் பட்டால் ரெசின் மஞ்சளடிக்கும். ஆனால் மதியத்துக்குமேல் அந்தச் சுவரும் அலமாரியும் அடுப்புபோல் இருந்திருக்கும்.

மே 19ஆம் தேதி இரவு போன் வந்தது. "அக்கா, ஒண்ணு காட்டணும், கோபப்படாதீங்க. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்" என்றார். தப்பு அவருடையது இல்லை.

மறுநாள் நேரில் பார்த்தேன். இடுப்பைச் சுற்றி ரோஸும் ஊதாவும் கலந்த வளையம். அகலம் சரியாக ரிப்பனின் அகலம். இடது இடுப்பில், ரிப்பன் இரண்டடுக்காக ஏறியிருந்த இடத்தில், விரல் நகம் அளவு அடர்த்தி. ரவிக்கைக்குள் தோளிலும் மார்பிலும் ஒன்றுமில்லை. பாவாடைக்குள் தொடையில் ஒன்றுமில்லை. விக்கின் அடியில் ஒன்றுமில்லை. வெள்ளை ரூபியாவின் உள்பக்கம்கூடச் சுத்தமாக இருந்தது. தண்ணீரைச் செக்கச்செவேல் ஆக்கிய பட்டு ஒன்றும் செய்யவில்லை. ஒரு துளிச் சாயமும் விடாத ரிப்பன் ஐந்து வாரத்தில் இதைச் செய்திருக்கிறது.

ஏன் என்று தேடியது

திருப்பூரில் பனியன் அச்சடிக்கும் பட்டறையில் இருக்கும் என் மாமா மகனிடம் போனில் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை. "பாலியெஸ்டரா? அப்ப ஏறத்தான் செய்யும்" என்றான். சிவப்பு பாலியெஸ்டர் ஜெர்சியில் வெள்ளை எண் அச்சடித்தால் சில நாளில் அந்த வெள்ளை ரோஸாகிவிடுவது அவர்களுக்குத் தினசரித் தலைவலியாம். அதைத் தடுக்க அடியில் தனி மை பூசுவார்களாம்.

பட்டுக்கு ஏற்றும் சாயம் தண்ணீரில் கரையும் வகை. அது வெளியே வர ஈரம் வேண்டும். எனவே தண்ணீரில் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். பாலியெஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் என்னும் வேறு வகை. தண்ணீரில் கிட்டத்தட்ட கரையவே கரையாது. சாயப்பட்டறையில் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை சூடேற்றி நூலுக்குள் புகுத்துகிறார்கள். இந்தச் சாயம் நகர்வதற்கு ஈரம் தேவையில்லை. சூடும் காலமும் கிடைத்து, ஒட்டியபடி பக்கத்தில் பிளாஸ்டிக்கும் இருந்தால், நூலிலிருந்து அதற்குள் மெதுவாகப் போய்விடும். பாலியூரித்தேன் அதற்கு நல்ல இடம். என் வெந்நீர்ச் சோதனை பட்டைப் பற்றி உண்மையைச் சொன்னது. ரிப்பனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

கேட்டதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று சோதித்தும் பார்த்தேன். என்னிடம் விரிசல் விட்ட பழைய ரெசின் பாதம் ஒன்று உண்டு. அதில் ரிப்பன், அலசிய பட்டு, அலசாத பட்டு, ரூபியா, வாயில் துணி என ஐந்திலும் ஒவ்வொரு துண்டைப் பக்கம் பக்கமாக நூலால் இறுக்கிக் கட்டினேன். தகர டப்பாவுக்குள் வைத்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பத்து நாள். நான்காம் நாளே ரிப்பன் இருந்த இடத்தில் ரோஸ் தெரிந்தது. பத்தாம் நாள் அலசாத பட்டின் அடியில் மட்டும் மங்கலாக ஒரு நிழல். மற்ற மூன்றிலும் ஒன்றுமில்லை.

கறையை எடுக்க முயன்றது

முதலில் மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும். அசையவில்லை. அடுத்து மெலமைன் ஸ்பாஞ்சை நனைத்து, அழுத்தாமல் தேய்த்தோம். அது சாயத்தைக் கரைப்பதில்லை. மேற்பரப்பை மிக மெல்லிசாகச் சுரண்டுகிறது, அவ்வளவுதான். முகத்திலோ நிழல் பூச்சு உள்ள இடத்திலோ அதைத் தொடவே கூடாது, வரைந்ததெல்லாம் போய்விடும். இடுப்பில் பூச்சு இல்லாததால் துணிந்தோம். வளையம் பாதிக்குமேல் வெளிறியது. இடது இடுப்புத் திட்டு கொஞ்சம்தான் குறைந்தது.

அவர் இரண்டு யோசனை சொன்னார். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு களிம்பைத் தடவி வெயிலில் வைப்பது ஒன்று. வினைல் பொம்மைகளுக்கு அப்படிச் செய்வார்கள். ரெசினை வெயிலில் வைத்தால் கறை போகிறதோ இல்லையோ மஞ்சள் நிச்சயம் என்பதால் வேண்டாம் என்றேன். நகப்பூச்சு அழிக்கும் திரவம் இன்னொன்று. அதில் உள்ள அசிட்டோன் ரெசினின் மேற்பரப்பையே இளக்கிவிடும். அதற்கும் மறுத்தேன்.

கடைசியாக 2000 எண் தண்ணீர்த் தாளால் (நனைத்துத் தேய்க்கும் மிக நுண்ணிய உப்புத்தாள்), ஓடும் தண்ணீரில், முகக்கவசம் போட்டுக்கொண்டு திட்டை மட்டும் தேய்த்தேன். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது, உலர்ந்த நிலையில் ஒருபோதும் தேய்க்கக் கூடாது. மூன்று சுற்றுக்குப் பிறகும் மங்கலாகத் தெரிந்தது. சாயம் உள்ளே போயிருக்கிறது. இன்னும் தேய்த்தால் இடுப்பின் வளைவே தட்டையாகும். நான் அடுத்த தாளை எடுத்தபோது அவர் என் கையைப் பிடித்தார். "போதும்கா. பாவாடைக்குள்ளதானே இருக்கு." அந்த முடிவு அவருடையது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

திரும்பத் தைத்தது

ஜூனில் பாவாடையைப் பிரித்தேன். ரிப்பன் முழுவதையும் எடுத்துவிட்டேன். புதுப் பட்டிக்கு, வேண்டாம் என்று ஒதுக்கி வைத்திருந்த மடிப்பு விட்ட பட்டுத் துண்டுகளில் இரண்டைத் தேர்ந்து, பின்னால் வெள்ளை மல்மல் வைத்துக் கைத்தையலில் தைத்து உறுதியாக்கினேன். உள்பக்கம் வெள்ளை ரூபியாவை 3 மில்லிமீட்டர் கீழே இறக்கி வைத்ததும் வெளியே வெள்ளை தெரியவில்லை. இதை மார்ச்சிலேயே செய்திருக்கலாம். அன்று இரண்டு நாள் கைவேலையை மிச்சப்படுத்தத்தான் ரிப்பனுக்குப் போனேன் என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

கூடவே வெள்ளை பனியன் துணியில், கழுத்திலிருந்து தொடைவரை ஒட்டி நிற்கும் உள்ளுடை ஒன்றும் தைத்தேன். பாவாடை இடுப்பில் அரை செ.மீ. கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். இந்த வேலைக்குப் பணம் வாங்கவில்லை. ஏப்ரலில் வாங்கியதில் தையல் கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் விக்குக்கானதை வாங்க மறுத்துவிட்டார்.

வேலைமுறையில் மாற்றியவை

அதற்குப் பிறகு வாங்கும் ஒவ்வொரு துணிக்கும் இரண்டு சோதனை. தண்ணீர்ச் சோதனை எப்போதும்போல. கூடவே உலர்ந்த துண்டை ரெசினில் கட்டிச் சூட்டில் பத்து நாள். பத்து நாள் காத்திருக்க முடியாத வேலை என்றால் அடர்நிற பாலியெஸ்டர் எதுவும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பன் மட்டுமில்லை, வெல்வெட், லேஸ், கலர் எலாஸ்டிக், கலர் தையல்நூல்கூடப் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். நூலை நான் ஜூன்வரை நினைத்தே பார்க்கவில்லை.

பொம்மை எங்கே நிற்கப் போகிறது என்றும் கேட்கிறேன். ஏப்ரலில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் மேற்குச் சுவரைப் பற்றித் தெரிந்திருக்கும். சாயம் போகாது என்ற வாக்கியத்தைச் சொல்வதை விட்டுவிட்டேன். எந்தத் துணியை எத்தனை நாள், எந்தச் சூட்டில் சோதித்தேன் என்று ஒரு சீட்டில் எழுதி உடையோடு வைக்கிறேன். அடர்நிற உடையைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டு வைக்க வேண்டாம் என்பதும் அந்தச் சீட்டில் இருக்கும்.

நவராத்திரி

அக்டோபர் 3ஆம் தேதி கொலு தொடங்கியது. அவர் வீட்டில் பொம்மையைக் கொலுப்படிகளுக்குப் பக்கத்தில் தனி மணையில், மரப்பாச்சி ஜோடிக்கு அருகில் நிற்க வைத்திருந்தார்கள். பாட்டியின் தங்கை வந்திருந்தார். பட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, குஞ்சலத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று பேத்தி சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

விஜயதசமிக்கு மறுநாள் நானும் பேத்தியும் உடையைக் கழற்றி, டார்ச் அடித்து இடுப்பைப் பார்த்தோம். பழைய வளையம் ஜூனில் இருந்த அளவிலேயே, மங்கலாக. புதிதாக ஒன்றுமில்லை. உள்ளுடை வெள்ளையாகவே இருந்தது. அலசி வைத்திருந்த பழைய மல்மல் துணியில் விக்கைச் சுற்றி எடுத்து வைத்தோம்.

அடுத்து ஒரு சிறிய பொம்மைக்குக் கருநீலத்தில் சட்டை கேட்டிருக்கிறார்கள். காட்டன் என்று கடையில் சொன்னார்கள். அந்தப் பழைய பாதத்தில் ஒரு துண்டைக் கட்டி, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர்மேல் டப்பாவில் வைத்திருக்கிறேன். இன்று ஆறாம் நாள்.